சேலம் நாட்டின் நினைவேடுகள்: நூலகத் தனித்தொகுப்பும் திருச்சபை வரலாறும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊழியம் செய்யும் ஆயர் ஒருவர் தம் சபையின் வரலாற்றை எழுத விரும்பினால் முதலில் எங்கே செல்ல வேண்டும்? இலண்டன் மிஷன் சங்கத்தின் பணியைச் சேலத்தில் 1827ஆம் ஆண்டில் ஹென்றி கிரிஸ்ப் தொடங்கினார். அச்சங்கத்து மிஷனெரிமார் தலைமையிடத்திற்கு விடுத்த கடிதங்களும் அறிக்கைகளும் இன்று இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் உள்ளன. 1973ஆம் ஆண்டில் அவை அங்கே தனித்தொகுப்பாக ஒப்படைக்கப்பெற்றன. ஆகவே மிஷனெரிமார் கண்ட சேலத்தை அறிதல் இயலும். ஆனால் அவர்களோடு ஊர் ஊராய் நடந்த உபதேசிமாரும், வேதாகமப் பெண்களும், ஊர்ச் சபையாரும் கண்ட சேலத்தை அறிவது எவ்வாறு? முன்னவர்தம் தாள்கள் சேர்த்து வைக்கப்பட்டன; பின்னவர்தம் தாள்களுக்கு அவ்வாறு ஓரிடம் அமையவில்லை. எது சேர்த்து வைக்கப்படுகிறதோ அதுவே பின்னாளில் வரலாறாக எழுதப்படுகிறது. இவ்வுண்மையைப் பொதுநூலகங்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தரங்கம்பாடிப் பட்டியல்

நூலகத்திலுள்ள நூல்கள் பெரும்பாலும் வாசகர் எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தருவதற்காக உள்ளவை. பழுதானவை நீக்கப்பட்டுப் புதியவை வாங்கப்படும். தனித்தொகுப்போ அத்தன்மையது அன்று. ஓரிடத்தையோ, ஒருவரையோ, ஒரு பொருளையோ பற்றியவை யாவும், துண்டறிக்கை முதற்கொண்டு, அங்கே ஒருசேர வைக்கப்பட்டு, வெளியே கொடுக்கப்படாமல் காக்கப்படும்.

இதற்கு நம் திருச்சபை மரபிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். சீர்திருத்தச் சபையார் நூல்கள், ரோமச் சபையார் நூல்கள், தமிழர்தம் நூல்கள், இசுலாமியர் நூல்கள் என நான்கு பகுதிகளாக அது அமைந்தது. இவற்றுள் மூன்றாம் பகுதியே மிகப் பெரிது. அதில் மட்டும் 119 நூல்கள் இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. வெறும் பெயர்வரிசையோடு நில்லாமல், நூல்களைப் பற்றிய குறிப்புகளையும் அவர் எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத நூலையும் அவர் விலக்கிவிடவில்லை என்பது நாம் கருத்தில் இருத்தத்தக்கது. அக்காலத்துத் தமிழகத்தில் என்னென்ன சுவடிகள் வழங்கின என்று அறிய விழையும் ஆய்வாளர், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அப்பட்டியலை நாடுகின்றனர்.

2. பொதுமக்களின் உடைமை

சீகன்பால்க் ஐயரின் தொகுப்பு ஒரு மிஷனெரியின் உடைமை. நூற்செல்வம் எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கைக்குத் தமிழகத்தில் உருவம் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. நூல் தன் வாசகரைத் தானே தேடிச் செல்லமாட்டாது. நூலகர் ஒரு பொருளைக் குறித்து, “இவற்றை இம்முறையில் படியுங்கள்” என்று வழிகாட்டுதல் வேண்டும். பொருள்வாரிப் பரிந்துரைப் பட்டியலின் பயன் இதுவே.

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமையவும், சொத்துவரியோடு நூலக வரி தண்டப்படவும் வழிவகுத்தது. எனவே மாவட்ட நூலகம் யாரோ அளித்த கொடையன்று. நம் வீட்டு வரியும் அதில் கலந்துள்ளது. நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த இல்லமும் இன்று நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது.

3. ஒரு வாசிப்புப் பட்டியல்

சேலம் நாட்டைக் குறித்து நம் மாணவர்க்கு ஒரு பட்டியல் தருவோமாயின், லெபானு என்னும் அரசு அலுவலர் 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டினை முதலில் வைக்கலாம். 1918இல் வந்த ரிச்சர்ட்ஸ் அவர்களின் மாவட்ட விவரச்சுவடி அதனை அடுத்து வரும். நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுப் பின்னர் சேலத்திற்குத் திரும்பியது. 1997இல் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் நாமக்கல் பகுதியை ஆராய்வோர் திருச்சி ஆவணங்களையும் தேடுதல் வேண்டும். நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ மண்ணின் மைந்தர் ஒருவரின் கூற்று. கொல்லிமலையில் உழைத்த ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியரையும், அங்கே 1914இல் பிறந்து தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற அவர்தம் மகன் பால் பிராண்டையும் பற்றி டாரதி கிளார்க் வில்சன் எழுதிய நூல்கள் இறுதியில் வரும்.

இப்பட்டியலை ஊன்றி நோக்கின் அதிலுள்ள குறை புலனாகும். 1871இல் ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமே இதற்குத் தலையாய காரணம். அரசின் ஏடு எண்ணிக்கையைக் கூறும். மிஷனெரியின் கடிதம் தாம் கண்ட துயரத்தைக் கூறும். ஆனால் அந்நாளில் ஒரு சேரியில் அடக்கம் பண்ணப்பட்டவர் யார், தாய் தந்தையற்ற பிள்ளையைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் பெறச் செய்தவர் யார் என்பதைச் சபைப் பதிவேடே கூறவல்லது. அவ்வேடு அழிந்துபோயின் அம்மனிதர் வரலாற்றில் வெறும் தொகையாகவே நிற்பர்.

4. எச்சரிக்கையும் கடமையும்

சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. 1981ஆம் ஆண்டு மே இறுதியில் மூண்ட வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாகி, ஓலைச்சுவடிகள் உட்பட ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அத்தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர்நீத்தார். ஒரே படியாய் இருந்தவற்றை மீட்க வழியில்லை. நம் பகுதியிலோ தீயும் வேண்டுவதில்லை. கறையானும் மழைநீருமே போதும்.

ஆகவே ஆயர்மார் செய்யத்தக்கவை சில உள. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் மூலங்கள் சபையிலேயே இருக்கட்டும். ஆனால் அவற்றிற்கு நிழற்படப் படிகள் எடுத்து வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். யூபிலி மலர், கீர்த்தனைத் துண்டுநூல், ஆண்டறிக்கை ஆகியவற்றில் இரு படிகளை மாவட்ட மைய நூலகத்திற்கு அளித்து, உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பில் சேர்க்குமாறு கேட்கலாம். இறையியல் மாணவர் விடுமுறையில் தம் ஊர்ச் சபையிலுள்ள பழைய ஏடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் நான்கு வரிக் குறிப்பு எழுதுவாராக. முதியோர் சொல்லும் பஞ்சகாலச் செய்திகளையும் கேட்டு, கூறியவர் பெயரோடு எழுதி வைப்பாராக.

சிறையிலிருந்த பவுல் அடிகளார், தீமோத்தேயு வருகையில் மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி கேட்டெழுதினார். துரோவாவிலே கார்ப்பு என்பவர் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தமையாலன்றோ அவ்வாறு கேட்டெழுத முடிந்தது! சேலம் நாட்டுச் சபைகளுக்கும் இன்று அத்தகைய கார்ப்புகள் வேண்டும்.