பலூனில் பறந்த சுண்டெலிகள்

மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதற்கு முன்னோட்டமாக, 1950களில் ஐக்கிய அமெரிக்க வான்படை சுண்டெலி, வெள்ளெலி, கினி எலி முதலிய சிறு விலங்குகளைப் பெரும் பாலித்தீன் பலூன்களில் ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்திற்கு அனுப்பிச் சோதித்தது. நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில் மருத்துவர் டேவிட் சைமன்ஸ் இப்பணியை நடத்தினார்.

அச்சம் அண்டக் கதிர்களைப் பற்றியது. அவற்றில் கனமான அணுக்கருக்களும் உண்டு என்பது 1948இல் தெரியவந்தது. அவை உயிருடலைத் துளைத்தால் என்ன ஆகும்? ராக்கெட் சில நிமிடங்களே உயரத்தில் இருக்கும். பலூனோ ஒரு நாள் முழுதும் மிதக்கும். நியூ மெக்சிகோ போன்ற தென்பகுதிகளில் புவியின் காந்தப்புலம் இக்கதிர்களில் பலவற்றைத் திருப்பிவிடுகிறது. ஆகவே பலூன்கள் பின்னர் வட மாநிலங்களிலிருந்து பறக்கவிடப்பட்டன.

கதிரைவிட உடனடி ஆபத்து மூடிய பேழைதான். தரையிறங்கியதை விரைவில் கண்டெடுக்காவிட்டால் வெப்பத்தாலும் காற்றுக் குறைவாலும் உள்ளிருப்பவை மடிந்துவிடும்.

பிழைத்துத் திரும்பிய கறுப்பு எலிகளுக்குப் பின்னர் ஆங்காங்கே வெள்ளை மயிர் முளைத்தது. மயிர்க்கால்களின் நிற உயிரணுக்களைக் கதிர்கள் தாக்கியதே காரணம் எனக் கருதப்பட்டது. வேறு பெருங்கேடு தென்படவில்லை.

1957 ஆகஸ்ட் 19 அன்று சைமன்ஸ் தாமே மினசோட்டாவிலிருந்து 'மேன்ஹை 2' பலூனில் ஏறினார்; 30.9 கி.மீ. உயரத்தை எட்டி, 32 மணி நேரத்துக்குப் பின் இறங்கினார். ஒளிப்படக் குழம்பு பூசிய தகடுகளை உடலில் கட்டியிருந்தார். கதிர் துளைத்த இடத்தை அவை காட்டும். அங்கே தமக்கும் நரைக்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா!