ஏலமலைப் பிள்ளைகளும் கண்ணாமூச்சியும்

ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் பெண்கள் போய், பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். கண் விழித்த பிள்ளை அம்மாவைத் தேடி அழும். அது பசியா, பயமா, கோபமா என்று பிள்ளைக்கே சொல்லத் தெரியாது.

உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வேலையைத் தமிழ் வெகுகாலத்துக்கு முன்பே செய்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு, அழுகை, அச்சம், வெகுளி என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் காட்டுகிறது. அழுகைக்குச் சொன்ன நான்கில் ஒன்று, உள்ளதை இழத்தல்.

1920இல் வெளியான நூலொன்றில் சிக்மண்ட் ஃபிராய்ட் தம் ஒன்றரை வயதுப் பேரனின் விளையாட்டை எழுதினார். நூல் கட்டிய மரக்கட்டையைக் கட்டிலின் திரைக்குப் பின்னால் எறிந்து 'போச்சு' என்பான். இழுத்தெடுத்து 'இதோ' என்று மகிழ்வான். அம்மா போவதையும் வருவதையும் குழந்தை இப்படி ஆடிப் பார்க்கிறது என்றார் ஃபிராய்ட். முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் நம் வீட்டு ஆட்டமும் இதுதான். நான் படித்த பிரெஞ்சில் இதற்குக் 'கூகூ' என்று பெயர்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், பயிற்சி பெற்ற பெண் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அதில் பெயர் சொல்லப்பட்டவை தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா மட்டுமே. மற்றவற்றுக்கு நீட்டிப்பது மாநில அரசின் விருப்பம். 'ஏலக்காய்' என்ற சொல் 1981 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. 20 குழந்தைகள் இருந்தாலும் காப்பகம் உண்டு என்பதும் அப்போது சேர்ந்தது.

அந்தக் காப்பகம் இருப்பது மலைமேல், கேரளத்தில். தினமும் ஜீப்பில் போய்வருகிறவளின் பிள்ளையோ கீழே பாட்டியிடம் இருக்கிறது. அதற்கு உள்ளது 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி. சத்துணவோடு, 3 முதல் 6 வயது வரை விளையாட்டு வழிக் கல்வியும் அதன் கடமை.

அங்கே ஒரு மரப்பாச்சியை ஜீப்பில் ஏற்றி அனுப்பி, "பாப்பாவுக்கு இப்ப பயமா இருக்கா, கோவமா இருக்கா?" என்று கேட்கலாம். சாயங்காலம் அதையே திரும்பி வரவைக்கலாம். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களும் வீட்டில் இதைச் செய்யலாம். "அழாதே" என்பதைவிட, "அம்மாவைத் தேடுதா?" என்று கேட்பது பிள்ளைக்கு ஒரு சொல்லையாவது கொடுக்கும்.