ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன்: கிராபிக்ஸ் கார்டு வந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், வீட்டில் அனிமேஷன் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

1993-ல் ஜுராசிக் பார்க் வந்தது. அந்த டைனோசர்களை சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரங்களில் உருவாக்கினார்கள். ஒரு இயந்திரமே பல லட்சம் ரூபாய். அடுத்த வருடமே நம்மூர் காதலன் வந்தது. முக்காலா பாட்டில் உடம்பே இல்லாமல் தொப்பியும் கையும் காலும் ஆடியதைத் தியேட்டரில் வாயைப் பிளந்து பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த வேலைக்கு எஸ்.டி. வெங்கி தேசிய விருது வாங்கினார். இந்தியனுக்கும் ஜீன்ஸுக்கும்கூட அவருக்குத்தான்.

நம் சைதாப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம் கோடம்பாக்கம். அங்கே பென்டாஃபோர் (பிறகு பென்டாமீடியா) நிறுவனம் 2000-ல் ‘சிந்துபாத்: பியாண்ட் த வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்’ என்ற முழுநீளப் படத்தை வெளியிட்டது. நடிகர்களின் அசைவை அமெரிக்காவில் பதிவு செய்தார்கள், சென்னைப் பிள்ளைகள் அதற்கு உருவம் கொடுத்தார்கள். முழுக்க மோஷன் கேப்சரிலேயே எடுத்த முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று அதைச் சொல்வார்கள். படம் ஓடவில்லை, அது வேறு கதை. கோச்சடையானுக்கு 14 வருடம் முன்பே இது நடந்தது என்பதை நம் ஆட்கள் ஏனோ பேசுவதே இல்லை!

இதே நேரத்தில் சந்தையை மாற்றியது சினிமா அல்ல, பிள்ளைகளின் வீடியோ கேம். 1996-ல் வந்த வூடூ கார்டில் 4 எம்.பி. நினைவகம். 1999-ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 கொண்டுவந்தது. அதே சிப்பை வைத்து, தொழில்முறை வேலைக்கென்று குவாட்ரோ என்ற பெயரில் இன்னொரு கார்டையும் கூடுதல் விலைக்கு விற்றது. சில கில்லாடிகள் ஜீஃபோர்ஸ் கார்டில் ஒரு சின்ன ரெசிஸ்டரை இடம் மாற்றி வைத்து, அதைக் குவாட்ரோ என்றே கம்ப்யூட்டரை நம்ப வைத்தார்கள்! மலிவு கார்டுகள் பெருகப் பெருக, சிலிக்கான் கிராபிக்ஸ் 2009-ல் திவாலாகி விலைபோனது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள் அனிமேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், என் பழைய மாணவி. போன மாதம் அவர் வந்து, "சார், கடையில இந்த கார்டுதான் அனிமேஷனுக்குன்றாங்க. நகையை வெச்சுடலாம்னு இருக்கேன்" என்றார். சீட்டைப் பார்த்தேன். பணத்தில் பாதிக்கு மேல் அந்தத் தொழில்முறை கார்டுக்கே போகிறது. ராம் வெறும் 8 ஜி.பி.

தொழில்முறை கார்டு ஏமாற்று அல்ல. பெரிய ஸ்டுடியோவுக்கும் எஞ்சினியரிங் வரைபட வேலைக்கும் சான்றளித்த டிரைவர், பிழை திருத்தும் நினைவகம், பெரிய கொள்ளளவு எல்லாம் தேவைதான். ப்ளெண்டரில் பழகும் முதல் வருடப் பெண்ணுக்கு அவை வேண்டாம். ப்ளெண்டர் இலவசம். 2002-ல் உலகெங்கும் ஒரு லட்சம் யூரோ வசூலித்து அதைப் பொதுச்சொத்தாக்கினார்கள். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய ஃப்ளோ படம் அதில் செய்ததுதான்.

அவள் கேட்டதும் நல்ல கேள்வி: "சார், 4060 புதுசு, வேகமும் அதிகம். அப்புறம் ஏன் 3060 சொல்றீங்க?" 2021-ல் வந்த 3060-ல் 12 ஜி.பி. வகை உண்டு. 2023-ல் வந்த 4060-ல் 8 தான். கேமுக்குப் புதியது மேல். ரெண்டர் செய்யும்போது காட்சியிலுள்ள உருவங்களும் அவற்றின் மேல் ஒட்டிய படங்களும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை ஊர்ந்து போகும், இல்லை நின்றேவிடும். வேகம் குறைந்தால் இரவு முழுக்க ஓட விடலாம். இடம் போதாவிட்டால் என்ன செய்வது? கையில் காசு இருப்பவர்கள் 16 ஜி.பி. உள்ள புது கார்டு வாங்கட்டும், தகராறே இல்லை.

இன்னொன்று. பாத்திரத்தை அசைத்துப் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு பிராசஸருடையது, கார்டுடையதல்ல. அதனால் பிராசஸரைக் குறைக்க வேண்டாம், ராம் 32 ஜி.பி. போடுங்கள் என்றேன். பவர் சப்ளை பெயர் தெரியாததாக இருக்கக் கூடாது. 3060-க்கு 550 வாட் என்று என்விடியாவே சொல்கிறது.

செகண்ட் ஹாண்ட் வாங்குபவர்களுக்கு: 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் முறை நின்றது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் அப்போது மொத்தமாகப் பழைய சந்தைக்கு வந்தன. ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், அரை மணி நேரமாவது ரெண்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதிய சீட்டு பழையதைவிட ரொம்பவே குறைவாக வந்தது. நகை பீரோவில்தான் இருக்கிறது. மிச்சத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்கியிருக்கிறார்கள்.