படம் முந்தியது, சொல் பிந்தியது

ஸ்கேன் எடுத்தால் இரண்டு பொருள் கைக்கு வரும்: படம், ரிப்போர்ட். பொது வடிவம் முதலில் கிடைத்தது படத்துக்குத்தான். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983-ல் கூட்டுக் குழு போட்டு, 1985-ல் முதல் தரவரையறையை வெளியிட்டாங்க. 1993-ல் அது டைகாம் ஆனது.

ரிப்போர்ட் மட்டும் வெறும் பத்தியாகவே கிடந்தது. "கட்டி 12 மி.மீ." என்றால் நமக்குப் புரியும், எந்தப் படத்தில் அளந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வளர்ந்திருக்கா என்று பார்க்கப் பழைய தாளைத் தேடணும். 2000-ல் டைகாமில் சேர்ந்த கட்டமைப்பு அறிக்கை இதை மாற்றியது. கண்டது, அளவு, அலகு, படத்தின் அடையாள எண் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

ஆனால் அது பைனரி கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒண்ணும் விளங்காது. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல்லும் மரம்தான், கண்ணால் படிக்கலாம். ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் உள்ள ஓஃபிஸ் ஆய்வு நிறுவனம், தன் டிசிஎம்டிகே தொகுப்பில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கட்டளைகள் வைத்தது. 'எக்ஸ்எம்எல்2டிஎஸ்ஆர்' என்று தட்டி, மூலக் கோப்பின் பெயர், புதுக் கோப்பின் பெயர் கொடுத்தால் போதும்.

எந்தக் கிளைக்குக் கீழே எது வரலாம்னு விதி இருக்கு. கருவி அதைப் பார்க்கும். 12-ஐ 21 என்று தட்டினால்? வடிவம் சரி, கோப்பு உருவாகிடும். அறிக்கையில் 'சரிபார்த்தது' என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அப்படிக் குறித்தால், சரிபார்த்தவர் பெயரும் உள்ளே இருக்கணும்.