405 கி.மீ. வேகம், அப்புறம் ரெண்டு சிகேன்

1988, லே மான் 24 மணி நேர ரேஸ். ரோஜர் டோர்ஷி ஓட்டின டபிள்யூ.எம். கார், முல்சான் நேர்ச்சாலையில மணிக்கு 405 கி.மீ. தொட்டுச்சு. மத்த நாள்ல அது லாரி, பஸ் போற ரோடு. கிட்டத்தட்ட 6 கி.மீ. நேரா போகும். ஆனா அந்தக் கார் ரேஸை முடிக்கவே இல்ல.

லே மானோட சிறப்பே அதுதான். வேகம் மட்டும் போதாது, தாங்கணும். நம்ம பாஷையில 24 மணி நேர லோடு டெஸ்ட். ஆனா இங்க கிராஷ் ஆனா போறது சர்வர் இல்ல, உயிர். 1986ல ஜோ கார்ட்னர் இதே நேர்ச்சாலையில இறந்தார். 1990ல ரெண்டு சிகேன் வெச்சு அந்தச் சாலையை மூணா உடைச்சாங்க.

பெல்ஜியத்தோட ஸ்பா இன்னும் பெரிய வெட்டு வாங்குச்சு. 14 கி.மீ. சர்க்யூட் 1979ல சுமார் 7 கி.மீ. ஆச்சு. ஆனா ஓ ரூஜ் ஏத்தம் தப்பிச்சுது. ஒரு மூலையில மழை, இன்னொரு மூலையில வெயில். ஓட்டுறவரோட கணிப்புக்குத்தான் அங்க பரீட்சை.

எனக்கு ஸ்பா ஒரு படி மேல. பாதியா வெட்டியும் குணம் மாறல. லே மான்ல அந்த 405-ஐ இனி யாரும் தாண்டப் போறதில்ல. பரவாயில்ல, ஓட்டினவங்க வீடு திரும்பட்டும்.