கிலுகிலுப்பை அறுத்த பாம்பு

சினனான் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பாம்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1978 அக்டோபர் 10. லாஸ் ஏஞ்சலிஸின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் பால் மொராண்ட்ஸ் என்ற வழக்கறிஞர் வீட்டுக்கு வந்து, தபால் பெட்டிக்குள் கையை விடுகிறார். உள்ளே நாலரை அடி நீள ராட்டில்ஸ்நேக். யாராவது நெருங்கினால் வாலைக் கிலுகிலுவென்று ஆட்டி எச்சரிக்கும் விரியன் வகை. இந்தப் பாம்பு எச்சரிக்கவில்லை. வால் நுனியில் இருக்கும் கிலுகிலுப்பையை முன்கூட்டியே அறுத்துவிட்டிருந்தார்கள். மொராண்ட்ஸ் கடிபட்டார், பிழைத்துக்கொண்டார். பாம்பை வைத்த இருவரும் சினனான் உறுப்பினர்கள். சினனான், போதை அடிமைகளை மீட்பதற்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு.

கதைக்கு நல்ல தொடக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படி ஆரம்பித்தால் கேட்கிறவர் உடனே, "இதுல போய் எவனாவது சேருவானா?" என்பார். பாம்பு வைக்கிற அமைப்பில் யாரும் சேரவில்லை. அவர்கள் சேர்ந்த இடத்தில் பாம்பு வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தது கூடப் படித்த ஒரு நண்பனால். அவன் இருந்தது வேறு நாடு, வேறு காலம், வேறு அமைப்பு. அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1958இல் அமெரிக்காவில் ஹெராயினுக்கு அடிமையான ஒருவர் தேறி வருவார் என்று மருத்துவர்களே பெரிதாக நம்பவில்லை. ஜெயில், இல்லாவிட்டால் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனை. வெளியே வந்ததும் மறுபடி ஊசி. அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரைப் பக்கம் சக் டெடரிக் என்ற நாற்பத்தைந்து வயதுக்காரர் இருந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போய்க் குடியை நிறுத்தியவர். உருவமும் பெரிது, குரலும் பெரிது. கையில் இருந்தது வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் 33 டாலர் காசோலை. அதை வைத்துத் தன்னைச் சுற்றிக் கூடியவர்களுக்காக ஓர் இடம் ஆரம்பித்தார். குடிகாரர்களோடு ஹெராயின்காரர்களும் வந்தார்கள். சிம்போசியம், செமினார் இரண்டையும் ஒருவர் நாக்குக் குழறிக் கலந்து சொன்னதில்தான் 'சினனான்' என்ற பெயர் வந்தது என்பார்கள்.

அங்கே நடந்த சிகிச்சைக்குப் பெயர் 'கேம்'. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஒருவரைக் குறிவைத்து மற்றவர்கள் கத்தலாம், திட்டலாம், மிகைப்படுத்தலாம், பொய்கூடச் சொல்லலாம். கை நீட்டக் கூடாது, அடிப்பேன் என்று மிரட்டவும் கூடாது. ஆட்டம் முடிந்ததும் பகை முடிந்தது. ஆனால் வட்டத்துக்கு வெளியே முணுமுணுப்புக்கு இடமில்லை. சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், நம்பிக்கை இல்லாவிட்டாலும் இருப்பது போல நடக்க வேண்டும்.

பலருக்கு இது வேலை செய்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. போதையில் இருக்கும் ஒருவர் டாக்டரை ஏமாற்றலாம், அம்மாவை ஏமாற்றலாம். அதே பொய்களை முந்நூறு தடவை சொல்லிப் பழகிய இன்னொரு அடிமையை ஏமாற்ற முடியாது. அமெரிக்க செனட்டர் தாமஸ் டாட் 1962இலேயே சினனானைப் புகழ்ந்தார். சமூகவியலாளர் லூயிஸ் யப்லான்ஸ்கி அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1965இல் ஹாலிவுட் படமே வந்தது. தேவைகளின் படிநிலை என்று நம் எம்பிஏ வகுப்புகளில் முக்கோணம் வரைந்து காட்டுவார்களே, அந்த ஆபிரகாம் மாஸ்லோ, நல்ல சமூகத்துக்கு உதாரணமாக சினனானைப் பற்றிக் கட்டுரை எழுதினார். போதைப் பழக்கமே இல்லாத நடுத்தர வர்க்கத்தினர்கூட கேம் ஆட வந்தார்கள். வெளியே யாரும் உண்மை பேசுவதில்லை, இங்கே பேசுகிறார்கள் என்றார்கள்.

எங்கள் துறைக்காரர்களுக்கு இந்த வட்டம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆஃப்சைட் என்று ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய், நடுவில் ஒரு நாற்காலி போட்டு, உட்காருகிறவரின் குறைகளை 'மனம் திறந்து' சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண் அழுதாள்; பயிற்சியாளர் அதை 'பிரேக்த்ரூ' என்றார். அது சினனானின் நேரடி வாரிசு இல்லை. ஆனால் பத்து பேர் ஒரே நேரத்தில் உன்னைப் பற்றி ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுமே, அந்த மயக்கம் ஒன்றுதான். மறுநாள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சினனானில் முதலில் வீட்டுக்குப் போகிற திட்டம் இருந்தது. தேறிய பிறகு, சில வருஷங்களில், வெளியே போய் வேலை தேடி வாழ வேண்டும். 1960களின் பின்பாதியில் டெடரிக் அதை நிறுத்தினார். வெளியே போகிறவர்கள் மறுபடி போதையில் விழுகிறார்கள், ஆகவே யாரும் போக வேண்டாம், இங்கேயே வாழ்வதுதான் சிகிச்சை என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புரோகிராம் எழுதுகிறவனாக எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. லூப்புக்குள் எவ்வளவு நல்ல கோடு வேண்டுமானாலும் இருக்கட்டும், எக்ஸிட் கண்டிஷனை எடுத்துவிட்டால் அது வேறு புரோகிராம். அன்றோடு சினனான் ஒரு சிகிச்சையாக இருப்பதை நிறுத்திவிட்டது என்பது என் எண்ணம். பாம்புக்குப் பத்து வருஷம் முன்பு. வெளியேறியவர்களைக் குறிக்க ஒரு வசைச்சொல்லே புழங்கியது: 'ஸ்ப்ளிட்டீ'. கழன்றுகொண்டவன்.

அடுத்து நடந்தவை படிப்படியானவை. 1970இல் சிகரெட் தடை. ஹெராயினையே விட்டவர்களுக்கு சிகரெட்டை விட முடியாதா என்பது வாதம். நிறைய பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். 1973இல் ஒரு கேம் நடுவில் டெடரிக் ஒரு பெண்ணின் தலையில் ரூட் பீர் என்ற குளிர்பானத்தை ஊற்றினார். அடிதடி கூடாது என்ற ஆதி விதியை, அதை வகுத்தவரே மீறினார். ஒரு டம்ளர் கூல்டிரிங்க்ஸ்தானே என்று பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நீதிமன்றங்கள் திருத்துவதற்கென்று அனுப்பிய சிறுவர்கள் அடிக்கப்பட்டார்கள். 1975 வாக்கில் ஆண் பெண் எல்லோருக்கும் மொட்டை. அதே காலத்தில் சினனான் தன்னை ஒரு மதமாக அறிவித்துக்கொண்டது. 1977இல் நீண்டகால ஆண் உறுப்பினர்களுக்கு வாசக்டமி, கர்ப்பிணிகளுக்குக் கருக்கலைப்பு. அந்த ஏப்ரலில் டெடரிக்கின் மனைவி பெட்டி இறந்தார்; அவர் வேறு ஒருவரை மணந்துகொண்டார்; சில மாதங்களில் அங்கிருந்த தம்பதிகள் எல்லோரும் பிரிந்து வேறு துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தயங்கியவர்களை வட்டத்தில் உட்கார வைத்தார்கள்.

இத்தனை பேர் எப்படிச் சம்மதித்தார்கள் என்பதற்கு மூளைச்சலவை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதைவிட எளிய ஒரு கணக்கு தோன்றுகிறது. ஒவ்வொரு புதுக் கட்டளையும் ஒரு சல்லடை. சிகரெட்டுக்குச் சண்டை போட்டவர்கள் 1970இலேயே போய்விட்டார்கள். மொட்டைக்கு மறுத்தவர்கள் 1975இல் போனார்கள். வாசக்டமி என்ற கேள்வி வரும்போது, முடியாது என்று எழுந்து நின்றிருக்கக் கூடிய ஆட்கள் அந்த அறையிலேயே பெரும்பாலும் இல்லை. மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவரும் பத்துத் தடவை சரி சொன்னவர்கள். பதினோராவது தடவை மறுத்தால் முந்தைய பத்துக்கும் என்ன அர்த்தம்?

புத்தியுள்ளவர்களுக்கு இது நடக்காது என்று நினைப்பவர்கள் சேசர் சாவேஸைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டி, காந்தியைப் பின்பற்றி உண்ணாவிரதம் இருந்து, முதலாளிகளைப் பணிய வைத்த தொழிற்சங்கத் தலைவர். அவர் டெடரிக்கின் நண்பர். 1977இல் லா பாஸ் என்ற இடத்திலிருந்த தன் சங்கத் தலைமையகத்துக்கு கேமைக் கொண்டுவந்தார். வருஷக்கணக்கில் சொற்பப் படிக்கு உழைத்த தொண்டர்கள் வட்டத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிழித்தார்கள். துரோகிகள் என்று பலர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சங்கத்தின் சரிவுக்குக் காரணங்கள் பல. இதுவும் ஒன்று என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு குழுவை எடைபோட அதன் கொள்கையைப் படித்துப் பெரிய பயனில்லை. கொள்கை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். இங்கிருந்து நல்லபடியாகக் கிளம்பிப்போன ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், அல்லது அவர் பெயரைச் சொன்னதும் முகங்கள் மாறினால், அதற்குமேல் கேட்க ஒன்றும் கிடையாது.

சினனானின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய பத்திரிகைகள் பயந்தன. ஒரு அவதூறு வழக்கில் ஹெர்ஸ்ட் நிறுவனம் 1976இல் 6 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போயிருந்தது. துணிந்தது பாயின்ட் ரெய்ஸ் லைட் என்ற குட்டி வாரப் பத்திரிகை. டேவ், கேத்தி மிட்செல் தம்பதியும், சமூகவியலாளர் ரிச்சர்ட் ஆஃப்ஷேயும் சேர்ந்து எழுதினார்கள். 1979இல் அதற்கு புலிட்சர் கிடைத்தது. 1978 செப்டம்பரில், வாசக்டமியை எதிர்த்து வெளியேறிய ஃபில் ரிட்டர் பெர்க்லியில் மண்டை உடைய அடிக்கப்பட்டார். அதே மாதம், உதவி தேடிவந்த ஒரு பெண்ணை அடைத்து வைத்து மொட்டையடித்த வழக்கில் சினனானுக்கு எதிராக 3 லட்சம் டாலர் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கை நடத்தியவர்தான் மொராண்ட்ஸ். பாம்புக்கு ஐந்து வாரம் கழித்து கயானாவில் ஜோன்ஸ்டவுன். 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டிசம்பரில் டெடரிக்கைக் கைது செய்யப் போன போலீஸ் அவரை முழுப் போதையில் கண்டது. சினனான் 1991இல் வரிக்கடனில் மூழ்கி மூடப்பட்டது.

இங்கேதான் என் நண்பன் வருகிறான். அவன் முதலில் போனது ஒரு வார இறுதி வகுப்புக்கு. அப்புறம் அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை, அப்புறம் வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சேவை. நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். பிஎஃப் பணம் இல்லை, நிச்சயித்த கல்யாணம் நின்று போயிருந்தது. வீட்டில் ஒரே கேள்வி: "இன்ஜினியரிங் படிச்சவன்தானே, உன் அறிவு எங்கடா போச்சு?" அவன் பதில் சொல்ல மாட்டான். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னான்: "மச்சான், எனக்கு ரெண்டு வருஷமா தூக்கமே இல்லாம இருந்துச்சு. அங்க போன முதல் வாரம்தான் தூங்கினேன். அதை இவங்ககிட்ட சொன்னா, இன்னும் தெளியலைன்னு சொல்லுவாங்க."

இந்த இடத்தில் வரலாறு அவன் பக்கம் இருக்கிறது. மிக்கேல் ஜாலட் என்ற பாடகர், சினனானில் பிறந்தவர், 2020இல் 'ஹாலிவுட் பார்க்' என்ற சுயசரிதை எழுதினார். குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியாக வளர்ப்பது அங்கே வழக்கம். ஒரு நாள் அம்மா அவரையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு தப்பினார். அந்தப் பிரிவின் காயம் புத்தகம் முழுக்க இருக்கிறது. ஆனால் அவருடைய அப்பா ஜெயிலுக்குப் போய்வந்த ஹெராயின் அடிமை. அவர் ஹெராயினை விட்டது சினனானில்தான். ஒரே வீட்டில் அப்பாவைக் காப்பாற்றியதும் பிள்ளைகளைச் சிதைத்ததும் ஒரே அமைப்பு. இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்லச் சொன்னால் அந்தக் குடும்பம் எதைச் சொல்லும்? மீண்டு வருகிறவரிடம் நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். எல்லாம் பொய்யென்று சொல், அப்போதுதான் நம்புவோம். அவருக்குத் தெரியும், தூக்கம் பொய்யில்லை. நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார். அவர் சொல்வதைக் கேட்க மீதமிருப்பவர்கள் பழைய ஆட்கள் மட்டும்தான்.

அதே பெர்க்லியில் மார்கரெட் சிங்கர் என்ற உளவியலாளர் 1970களில் இப்படிப்பட்ட பல குழுக்களிலிருந்து வெளிவந்தவர்களை உட்கார வைத்துப் பேசினார். மூளைச்சலவை பற்றிய அவரது கோட்பாடு பின்னால் கல்வியுலகில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தச் சண்டை இன்றும் முடியவில்லை. ஆனால் 1979இல் அவர் எழுதிய கட்டுரையில் இருப்பது கோட்பாடு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்க முடியாமல் திணறுவது. தனிமை. பேச்சு நடுவே மனசு பழைய மந்திர நிலைக்கு நழுவுவது. முக்கியமாக, மீன்தொட்டிக்குள் இருப்பது போன்ற உணர்வு: கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால்கூட மறுபடி போய்விடுவானோ என்று வீடே உற்றுப் பார்ப்பது. பழைய திறனோடு இயங்க அவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 18 மாதம் ஆனது என்று எழுதியிருக்கிறார்.

டீக்கடையில் வைத்து அந்தப் பகுதியை நண்பனுக்குத் தமிழில் சொன்னேன். மீன்தொட்டிக்குச் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து அவன் சிரித்துப் பார்த்தேன். 6 முதல் 18 என்றதும் விரல்விட்டு எண்ணினான்.

"எனக்குப் பதினோராவது மாசம் ஓடுது" என்றான். அப்புறம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கணும், கடை மூடிடுவான் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.