சேனையும் கடனும்: ஒரு நவீனம் காட்டும் வரலாறு

ஆட்சியாளரின் ஏடுகள் வரியையும் விளைவையும் கணக்கிட்டுக் கூறும்; ஏழை உழவனின் பசியை அவற்றிற் காண்பது அரிது. அக்குறையை ஒருவாறு நிறைவு செய்கின்றது, லெனாட் வூல்ஃப் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘காட்டினுள் ஒரு கிராமம்’ எனப் பொருள்படும் ஆங்கில நவீனம்.

வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றினார். வறண்ட அம்மாவட்டத்துக் குடியானவர் பலர் காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைக்கும் சேனைப் பயிரையே நம்பியிருந்தனர். உரிமை நிறுவப்படாத காட்டையும் சேனை நிலத்தையும் 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முடிக்குரியனவாகக் கொண்டது. ஆகவே, சேனை வெட்டுதற்கு அனுமதிச் சீட்டு இன்றியமையாததாயிற்று.

நவீனத்திலே சிலிந்து என்பவனின் குடும்பத்தை வீழ்த்துவது மழையின்மை மாத்திரமன்று. பகைமை கொண்ட ஊர்த்தலைவன் சீட்டுக் கிடையாதவாறு தடுக்கின்றான். கடன் கொடுத்த வணிகன் சிலிந்துவின் மகளை இச்சிக்கின்றான். அவள் கணவன் பாபுன் பொய்க் களவு வழக்கிற் சிறை சென்று மடிகின்றான். சிலிந்து அவ்விருவரையும் சுட்டுக் கொல்கின்றான். ஈற்றில் ஊரையே காடு மூடிவிடுகின்றது.

பாபுனுக்குத் தண்டனை விதிக்கும் ஆங்கில நீதவான் தீயவனல்லன். சாட்சியங்கள் ஒழுங்காயிருந்தமையின் ஏமாறினான். அத்தகைய ஆசனத்தில் வூல்ஃப் தாமே அமர்ந்தவர். அதனைக் குற்றவாளிக் கூண்டில் நின்றவனின் கண்கொண்டு நோக்கியமையே அவர் நூலின் பெருமை. ஏட்டில் ஒரு வழக்காக முடிவது, இங்கே ஒரு குடும்பத்தின் அழிவாக விரிகின்றது. வரலாறு பயில்வோர் இரண்டையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.